சசிரேகா கூப்பிடும் பெயர்

சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
14.5.2023

அன்புத் தங்கை ஜோஸ்லினுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மடத்து விருந்தினர் அறையில் தங்கிய அன்றே உன் போனை வாங்கி வைத்துவிட்டார்களாமே. நீ கன்னியாஸ்திரி ஆவதற்கு முன்பே எனக்குத் தவம் ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். மதர் கேட்ட மெடிக்கல் சர்டிபிகேட் தயார். ஒரகடம் கூட்டுரோட்டில் டாக்டர் திருமலை கிளினிக்கில் வாங்கினேன். எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போடு.

போன வருடம் வேறொரு மடத்தில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்று உன்னைத் திருப்பி அனுப்பினார்களே, மூன்று நாள் நீ சோற்றில் கை வைக்கவில்லை. அப்புறம் பேரீச்சம்பழமும் முருங்கைக் கீரையுமாகத் தின்று தள்ளியும் ஒன்பதைத் தாண்டவில்லை. இன்னொரு தடவை உன்னை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நானே போய் உன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டிவிட்டேன்.

நம் பக்கம் இதெல்லாம் நடப்பதுதானே. எங்கள் வயரிங் கம்பெனிக்கு ஆள் எடுக்கும்போது, ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பதிலாக இன்னொருத்தி போய்க் கொடுப்பாள். பூமாரிக்கும் கவியாவுக்கும் நான்தான் கொடுத்தேன். லைனில் என் ரத்தத்துக்கு ‘பாஸ் ரத்தம்’ என்றே பெயர்.

ரத்தம் எடுக்கிற சசிரேகா போன் நம்பரைக் கேட்டாள், என் நம்பரைச் சொன்னேன். பெயர் கேட்டாள், ஜோஸ்லின் என்றேன். வயது இருபத்தைந்து என்றதும் நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாக்கா, நைட் ஷிப்டா? மூஞ்சி இப்பவே இப்டி ஆயிக்கீதே” என்றாள். ஏழு வயதை முழுங்கியதற்கு அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. ரத்தம் பன்னிரண்டரை. மற்றதெல்லாம் நார்மல். “தண்ணி நெறைய குடிம்மா” என்றார் டாக்டர், அவ்வளவுதான். கவரை ஒட்டி மதர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது.

பாவம் என்று குதிக்காதே. பாவமாக இருந்தால் அது என் தலையில் விழட்டும்.

காவல் சம்மனசானவர் உன் கூடவே இருக்கட்டும்.

உன் அக்கா
அன்னபுஷ்பம்


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
23.5.2023

பாசமுள்ள அக்காவுக்கு,

தங்கை ஜோஸ்லின் வணக்கம். குளிர் பழகிவிட்டது, சாப்பாடும் பழகிவிட்டது. அப்பாவின் முழங்காலுக்கு நான் தைலம் தேய்த்துவிட்ட மாதிரி நீயும் தேய்த்துவிடு, அவராகக் கேட்க மாட்டார்.

சொன்னபடி கடிதத்தை, பூசைக்கு நன்மை அப்பம் சுடுகிற அடுப்பில் போட்டேன். செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் “சர்டிபிகேட் வந்தது, நீ சேரலாம்” என்று மதர் சொன்னபோது தப்பு நினைவுக்கே வரவில்லை. சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது.

அந்தோனியார் திருநாளன்று உள்ளே போகிறேன். அதன்பிறகு மாதம் ஒரு கடிதம். போவதும் வருவதும் மதர் படித்த பிறகுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலும் கடிதமே கிடையாது. உள்ளே போனால் அங்கேயே செத்து அங்கேயே அடக்கம். இதைக் கேட்டால் அப்பா அழுவார், அவரிடம் சொல்லாதே.

பதின்மூன்று வயதிலிருந்து நான் கேட்ட ஒரே காரியம் இது. அம்மா இருந்திருந்தால் அம்மா செய்திருப்பாள். நீ செய்தாய்.

உன் ஜோஸ்லின்


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
17.9.2023

அன்புத் தங்கைக்கும், தங்கைக்கு முன்பே இதைப் படிக்கப்போகிற மதர் அம்மாவுக்கும்,

அன்னபுஷ்பத்தின் வணக்கம். வீட்டில் எல்லாரும் நலம். அப்பாவை வாட்ச்மேன் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். இப்போது நம் வீட்டு நாய்க்கு வாட்ச்மேனாக இருக்கிறார்.

கம்பெனியில் என்னை நிற்கும் லைனிலிருந்து உட்கார்ந்து செக் பண்ணும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசரை நாலு நாள் நச்சரித்து வாங்கினேன். மேசைமேல் பெரிய தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளலாம். ராணி மாதிரி இருக்கிறேன்.

போன வாரம் கால் வலி என்று திருமலை டாக்டரிடம் போனேன். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் என் நம்பர்தானே. சசிரேகா நம்பரைத் தட்டினால் கம்ப்யூட்டரில் உன் பெயர் வருகிறது. “ஜோஸ்லின், உள்ள போ” என்கிறாள். யார் திருத்திக்கொண்டிருப்பது? போய்விட்டு வந்தேன்.

ஊறுகாயை விட்டுவிட்டேன், அதுவும் ஒரு ஒறுத்தல்தானே. அதை உனக்காக ஒப்புக்கொடுக்கிறேன்.

மாதாவின் மேலங்கிக்குள் பத்திரமாக இரு.

அக்கா


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
8.10.2023

பாசமுள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலம் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதும்போதே கொஞ்சம் இடிக்கிறது.

பாயசத்துக்கே ஊறுகாய் தொட்டுக்கொள்கிறவள் நீ. ஊறுகாயை விட்டாய் என்றால் யார் விடச் சொன்னார்கள்? கால் வலி என்றாய், எந்தக் கால்? வலியா, வீக்கமா? டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார்? ஒன்றுவிடாமல் எழுது.

இங்கே எனக்கு அப்பம் வெட்டும் வேலை. வட்டம் வட்டமாக வெட்டியது போக மிஞ்சும் ஓரங்களைத் தின்னலாம். அதைத் தின்னும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

உன் ஜோஸ்லின்


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
25.8.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

புதுப் பெயரோடு எழுதும் முதல் கடிதம். மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று நீயும் அப்பாவும் பஸ் மாறி மாறி வந்து, நான் நவகன்னியாக உடுப்பு வாங்கியதைப் பார்த்தது எனக்கு ஆயுசுக்கும் போதும். ஜோஸ்லின் என்ற பெயரை அன்று பீடத்தின் முன்னால் விட்டுவிட்டேன். இனி நான் சிஸ்டர் அமலா. வருகிற ஆகஸ்டில் முதல் வார்த்தைப்பாடு, துறவறச் சத்தியம்.

ஆனால் அக்கா, பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றது நீதானா என்று எனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. கண்ணுக்குக் கீழே ஊதிக் கிடந்தது. விரலில் அம்மா மோதிரத்தைக் காணோம். பார்த்தால், ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறாய். ஏன் என்று கேட்டதற்கு, அப்பாவைப் பார்த்துக்கொண்டே “ஃபேஷன்” என்றாய். அப்பா சிரிக்கவில்லை.

பத்து மாதமாக உன் உடம்பைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நாய் குட்டி போட்டது, கோவில் திருவிழாவில் மைக் செட் எரிந்தது எல்லாம் எழுதுகிறாய். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

கையைக் கம்பிக்குள் விட முடிந்திருந்தால் உன் முகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

சிஸ்டர் அமலா


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
20.10.2024

அன்புள்ள சிஸ்டர் அமலா அவர்களுக்கு,

மரியாதை போதுமா? அப்பாவுக்கு உன் புதுப் பெயர் வாயில் நுழையவில்லை. ராத்திரி ஜெபத்தில் “என் சின்னது” என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்.

முகம் ஊதிக் கிடந்ததா? எட்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தவள் முகம் பின்னே எப்படி இருக்கும்? கேன்டீனில் தினமும் குருமா ஊற்றுகிறார்கள், உடம்பு போடுகிறது, மோதிரம் நுழையவில்லை. இதற்குப் போய்க் கம்பிக்குப் பின்னால் நின்று அழுதாயாமே, மதர் அப்பாவிடம் சொன்னார். மதர் அம்மா, இவளுக்குக் கொஞ்சம் வேலை அதிகமாகக் கொடுங்கள்.

நீ விட்டுவிட்டுப் போன பெயர் வீணாகப் போகவில்லை. கிளினிக்கில் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனித் திருவருகைக் காலம், அப்புறம் கிறிஸ்துமஸ், அப்புறம் பொங்கல். நாள் ஓடிவிடும். உன் வார்த்தைப்பாட்டுக்கு எனக்கு நீலப் புடவை எடுத்து வைத்துவிட்டேன். ஜெபத்தில் அக்காவை நினைத்துக்கொள். அன்னபுஷ்பம் என்று பெயர் சொல்லியே நினைத்துக்கொள்.

அக்கா


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
21.4.2025

என் அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இதை நான் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் எங்கள் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். மடத்துக்கு வரும் லேடி டாக்டர் மார்ச் பதினொன்றாம் தேதி ரிசல்ட்டோடு வந்தார். என் பழைய பேப்பரையும் புதுப் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “பழசுல ஓ பாசிட்டிவ்னு இருக்கு, இப்ப பி பாசிட்டிவ்னு வந்திருக்கு. ரத்த வகை மாறுமாம்மா? இது ரெண்டு பேரோட ரத்தம்” என்றார். அப்புறம் பழைய பேப்பரில் ஒரு வரியில் விரலை வைத்தார். கிரியாட்டினின் 1.6. “இந்த ரத்தம் யாருதா இருந்தாலும் அவுங்க கிட்னி அப்பவே கெட ஆரம்பிச்சிருக்கு. உடனே பாக்கணும். ரெண்டு வருஷம் ஆகப் போகுதே.”

ஊறுகாய், தண்ணீர் பாட்டில், மோதிரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு வந்து நின்றன.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “லேபில் மாறியிருக்கும் டாக்டர்” என்றேன். மதர் பக்கத்திலேயே இருந்தார். உண்மையைச் சொன்னால் வார்த்தைப்பாடு போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது. தவக்காலத்தில் கடிதம் எழுதக்கூடாது என்பது விதி. கேட்டிருந்தால் மதர் அனுமதித்திருப்பார், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த விதிக்குப் பின்னால் நாற்பது நாள் ஒளிந்துகொண்டேன். உனக்காக உபவாசம் இருந்தேன், முழந்தாளில் நின்றேன், எல்லாம் செய்தேன். செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர.

பெரிய வெள்ளியன்று, சேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மறுதலித்த வாசகத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பாதியில் நின்றுவிட்டேன். மறுநாள் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “முதலில் உன் அக்காவுக்கு எழுது” என்று தாளைக் கொடுத்தார்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. வேலை, அப்பா, எதையும் பார்க்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
2.5.2025

என் கண்ணுக்கு,

அழாதே. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி. அப்பா நலம். நான் இருக்கிறேன்.

எனக்கு அன்றைக்கே தெரியும். மற்றதெல்லாம் நார்மல் என்று உனக்கு எழுதினேனே, அந்த ஒரு வரிதான் பொய். டாக்டர் அந்தக் கிரியாட்டினின் எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். “உப்பு கொஞ்சம் ஏறிக்கீதும்மா. லைன்ல நிக்கற பொண்ணுங்க பாத்ரூம் போவணும்னு தண்ணியே குடிக்கறதில்ல. நெறைய குடி. மூணு மாசம் கழிச்சி வந்து மறுபடியும் டெஸ்ட் எடு” என்றார். மடத்தில் சேரத் தடையில்லை என்று கையெழுத்தும் போட்டார். தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று நினைத்தேன். குடம் குடமாகக் குடித்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது 2.1. நீ உடுப்பு வாங்கிய மாதம் 3.4. போன மாதம் 6.8. எல்லாப் பேப்பரிலும் மேலே உன் பெயர்தான். முதல் தடவை சசிரேகா “ஜோஸ்லின்” என்று கூப்பிட்டபோது எழுந்துவிட்டேன், அப்புறம் எழுந்துகொண்டே இருந்தேன். உண்மையைச் சொன்னால், சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டர் மடத்துக்கு எழுதிவிடுவார் என்று பயம். வேறு டாக்டரிடம் என் பெயரில் போயிருக்கலாம். போனால் இ.எஸ்.ஐ. கார்டு வழியாகக் கம்பெனிக்குத் தெரியும், கான்ட்ராக்ட்காரன் நிறுத்திவிடுவான் என்று அதற்கும் ஒரு பயம். போன வருடமே டாக்டர் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஜோஸ்லின் என்று எழுதிய சீட்டை அன்னபுஷ்பம் எங்கே கொண்டுபோவாள்? பீரோவில் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு, சிரிக்காதே. நோய் உன் பெயரில் இருக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை என்றே ஒரு நினைப்பு. கிளினிக்கில் ஜோஸ்லினுக்கு உடம்பு சரியில்லை. கம்பெனியில் அன்னபுஷ்பம் நன்றாக இருக்கிறாள். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன்.

அந்த நாற்பது நாளை நினைத்துப் புழுங்காதே. நாற்பது நாள் ஒளித்தவளைத் திட்ட, எழுநூறு நாள் ஒளித்தவளுக்கு வாய் ஏது? ஆனால் மனசு வலித்தது. மறைக்கவில்லை.

மதர் அம்மா, இவள் சின்னப் பெண். பெயரைச் சொன்னதும் கையை நீட்டியதும் நான். தண்டனை என்று ஏதாவது இருந்தால் எனக்குக் கொடுங்கள்.

அக்கா


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
14.5.2025

அக்கா,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்பதை எழுதாமலேயே கடிதத்தை முடித்துவிட்டாய்.

மதர் என்னை வெளியேற்றவில்லை. என் சொந்த ரத்தம் இப்போது பத்து இருக்கிறதாம். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தாலும் சேர்த்திருப்போம், மாத்திரை கொடுத்து ஏற்றியிருப்போம் என்றார். அதைக் கேட்டுத்தான் நான் உடைந்து போனேன். நீ நீட்டியிருக்கவே வேண்டாத கை அது. வார்த்தைப்பாட்டை ஒரு வருடம் தள்ளி வைத்திருக்கிறார். அதற்குள் யோசித்து முடிவு செய், எந்த முடிவானாலும் ஜெபிக்கிறோம் என்றார்.

லேடி டாக்டரிடம் நான் என் கிட்னி ஒன்றை உனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். சந்தோஷமாகக் கேட்டேன் அக்கா, ஒரு வழி கிடைத்துவிட்டது என்று. அவர் தலையை ஆட்டினார். “ஓ வகைக்கு ஓ தான் சேரும்மா. உன்னோடது பி” என்றார். நம் பொய்யைக் காட்டிக்கொடுத்த ரத்த வகையே என்னை உனக்கு உதவாதவளாகவும் ஆக்கிவிட்டது. உன் ரத்தத்தால் நான் உள்ளே வந்தேன். என்னால் உனக்குத் திருப்பித் தர முடியாது.

திருமலை டாக்டரிடம் உண்மையைச் சொல். உன் பெயரில் டெஸ்ட் எடு. இந்த முறையாவது கேட்டதற்குப் பதில் எழுது.

தங்கை


சேசு மரி சூசை

சேரப்பணஞ்சேரி
15.6.2025

அன்புள்ள அமலாவுக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, பூமாரியை எழுதச் சொல்லலாம் என்றால் அவள் எழுத்து என்னுடையதைவிட மோசம்.

செங்கல்பட்டில் சேர்ந்துவிட்டேன், என் பெயரிலேயே. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயில். பூமாரி லீவு போட்டுக் கூட வருகிறாள். “உன் ரத்தத்துல வேல வாங்குனவக்கா நானு, வராம இருப்பனா” என்கிறாள். நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப் போட்டுவிடுகிறார்கள். திரும்பும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறேன்.

அங்கே இருக்கும் டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். “இவ்ளோ நாள் எங்கம்மா இருந்தீங்க? எப்ப ஆரம்பிச்சது, ஒரு பழைய ரிப்போர்ட்கூடவா இல்ல?” என்று கேட்டாள். எப்போதிலிருந்து, எவ்வளவு வேகத்தில் ஏறியது என்று தெரிந்தால் மருந்து கொடுக்க வசதி என்றாள். இரண்டு வருடப் பேப்பரும் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எல்லாவற்றிலும் உன் பெயர். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திருமலை டாக்டரிடமும் சொல்லவில்லை. ரத்தம் ஊற வாரம் ஒரு ஊசி, வியாழக்கிழமை காலையில் அவரிடம்தான் போட்டுக்கொள்கிறேன். வாசல்வரை சொல்ல வேண்டும் என்றே போகிறேன். சசிரேகா “ஜோஸ்லின்” என்றதும் கால் தானாக எழுந்துவிடுகிறது. என் பாஸ் ரத்தம் இப்போது எட்டு. உன்னைத் திருப்பி அனுப்பினார்களே, அதே எட்டு.

அப்பாவுக்கு ஓ வகைதான். ஆனால் சர்க்கரையும் வயதும் இருக்கிறது, எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து “நான் எதுக்குடி இருக்கேன்” என்று அழுதார். கம்பெனியில் ஐ.டி. கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. உன்னை எனக்குத் தெரியும், எழுதப் போகிறாய். நீ வந்து என்ன செய்வாய்? கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். அதற்குப் பூமாரி இருக்கிறாள். நீ அந்தக் கம்பிக்குள் இருக்கிறாய் என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம். மெஷினில் படுத்திருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன், இந்நேரம் மணி அடித்திருக்கும், அவள் ஜெபத்துக்குப் போயிருப்பாள் என்று. நீயும் வெளியே வந்துவிட்டால் நான் எதற்காகக் கையை நீட்டினேன்? சொல்.

நீலப் புடவை பீரோவிலேயே இருக்கிறது. அடுத்த வருடம் கட்டிக்கொள்கிறேன்.

அக்கா


சேசு மரி சூசை

அடைப்பு மடம்
27.6.2025

என் அக்காவுக்கு,

உனக்கும் அப்பாவுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும்.

எதற்காகக் கையை நீட்டினேன் என்று கேட்டாய். பத்து நாளாக அந்தக் கேள்வியோடு கோவிலில் உட்கார்ந்திருந்தேன். உன் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தால் கிளினிக் பெஞ்சில் நீ எழுந்து நிற்பதுதான் தெரிகிறது. அதற்குமேல் ஜெபம் நகரவில்லை. இந்த நிலையில் இங்கே இருந்தால் நான் இருப்பது மடம் இல்லை, ஒளிந்துகொள்ளும் இடம்.

மதரிடம் கேட்டேன். அவர் அழுதார், நானும் அழுதேன். உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டேன். வந்தபோது போட்டிருந்த சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். அது வெளிறிப் போயிருக்கிறது, ஆனால் சேருகிறது. திரும்பி வர மனமிருந்தால் கதவு திறந்திருக்கும் என்றார் மதர். வருவேனா என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை ஏமாற்ற ஏதாவது எழுத வேண்டாம் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்: பதின்மூன்று வயதிலிருந்து கேட்டதை விட்டுவிட்டு வருவது எனக்கு வலிக்கிறது. நீ திட்டினாலும் வலிக்கும். இரண்டையும் தாங்கிக்கொள்கிறேன்.

என்னால் கிட்னி தர முடியாது. சம்பாதித்துப் போட இன்னும் ஒரு வேலையும் இல்லை. ஆனால் என்னால் மட்டும் முடிந்தது ஒன்று இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டை மதர் என்னிடமே கொடுத்துவிட்டார், என் ஆதாரையும் கொடுத்துவிட்டார். நீ போட்டுக்கொண்ட பெயருக்கு உரியவள் நேரில் வந்து நின்றால்தான் டாக்டர் நம்புவார். அவர் திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இந்த இரண்டு வருடப் பேப்பரும் அன்னபுஷ்பத்தினுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அந்தச் சின்ன டாக்டரிடம் நீயும் நானும் போவோம். பூமாரி வேலைக்குப் போகட்டும்.

புதன்கிழமை காலை பஸ் ஏறுகிறேன். அப்பாவிடம் என் சின்னது வருகிறது என்று சொல். ஊறுகாய் ஒளித்து வைத்திருந்தால் எடுத்து வெளியே போடு.

வியாழக்கிழமை தோமையார் திருநாள். காலையில் கிளினிக்கில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சசிரேகா “ஜோஸ்லின்” என்று கூப்பிடும்போது நீ எழுந்திருக்காதே அக்கா. நான் எழுந்துகொள்கிறேன்.

உன் தங்கை
ஜோஸ்லின்